சங்கிலிக்குப் பதில் பூச்சரம்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடுகளும் அந்தப் பக்கம் செங்கல் சூளைகளுமாக ஒரு நாடு இருந்தது. நடுவே ஒரே ஒரு கான்கிரீட் பாலம். அதை உடைக்காமலே உள்காயத்தைக் கண்டுபிடிக்க அவர்களிடம் ஒரு வழி இருந்தது. ஆண்டுக்கொரு நாள் இரும்புச் சங்கிலியைப் பாலத்தின் மேல் இழுப்பார்கள். கெட்டியான இடத்தில் கணீரென்று கேட்கும். உள்ளே கம்பி துருப்பிடித்துக் காரை விட்டுப்போன இடத்தில் டொப்பென்று கேட்கும்.

அதெல்லாம் எப்பேர்ப்பட்ட நாள். சூளையில் வேலை கிடையாது. உலக்கைச் சத்தம்கூட இருக்காது. கைப்பிள்ளை அழுதால் தாய்க்காரி தோப்புக்குள் தூக்கிப் போய்விடுவாள். பழைய மன்னர் செருப்பைக் கழற்றிவிட்டு, வாயை மூடிக்கொண்டு, கூட்டத்தோடு நின்று காது கொடுப்பார். டொப்பென்ற இடத்தைக் கொத்திப் பூசி முடிக்கும்வரை அவரும் சனங்களோடு படகில்தான் போவார். படகில் அவருக்குப் பக்கத்தில் யாருடைய ஆடாவது நிற்கும்.

புது மன்னர் வந்த ஆண்டு, சங்கிலி இழுக்கும் மாசானம் நடுத்தூணுக்கு மேலே டொப்பென்று கேட்டதும் நின்றுவிட்டான்.

"இங்க உள்ளுக்குள்ள வெறும் கூடுதாங்க."

அமைச்சர் கேட்டார்: "சத்தம் போட்டது பாலமா, சங்கிலியா?"

"சங்கிலி பட்டுதான் சத்தம்..."

"சங்கிலி. ஆக, நமது பாலத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அது சத்தம் போட்டிருக்கிறது."

சங்கிலியைச் சிறையில் அடைத்தார்கள். மறு ஆண்டு மல்லிகைச் சரத்தை இழுத்தார்கள். எந்த இடத்திலும் சத்தமில்லை. பாலம் பூரண நலம் என்று பறையறைந்தார்கள். அதன்பின் படகில் போவது பாலத்தை அவமதிக்கும் குற்றமானது. படகுகளெல்லாம் அரண்மனைப் படகுத்துறைக்குப் போயின.

மாசானத்தின் மனைவி பவுனு சூளையில் கல் சுமப்பவள். அவளைக் கூட்டிக்கொண்டு அவன் துறைக் காவலனிடம் போய் நின்றான்.

"நடுத்தூணு பக்கம் தாங்காதுண்ணே. இவள மட்டும் படகுல ஏத்திக்கிடுங்க."

"மன்னரும் மந்திரிமாரும்தான் இதுல போலாம்."

பவுனு கேட்டாள்: "பாலந்தான் நல்லா இருக்குங்காகளே. அவுக அதுல போறதுதான?"

"நல்லா இருக்கப்போயிதான தாயி உங்களுக்கு விட்டுக்குடுத்திருக்காக."

"வாங்க, நேரமானா கங்காணி ஏசுவான்" என்று கணவனிடம் சொல்லிவிட்டு, தூக்குவாளியோடு அவள் பாலத்தில் ஏறினாள். நடுத்தூண் வந்ததும் ஓரமாக ஒதுங்கி, பாதம் அழுந்தாமல் நடந்தாள். பின்னால் வந்த சனமும் ஒருவர் தாண்டியபின் ஒருவராக அப்படியே நடந்தது.

கீழே படகில் போன மன்னர் நிமிர்ந்து பார்த்தார்.

"என் பாலத்தின்மேல் மக்களுக்கு என்ன ஒரு பக்தி" என்று மனம் நெகிழ்ந்து கையசைத்தார்.

பவுனு அக்கரை சேர்ந்துவிட்டாள். சாயங்காலம் திரும்பி வரவேண்டும்.