ஜன்னலைச் சாத்த மறுத்த கதை

சமூக உளவியல் படித்தவனை வீட்டில் வைத்துச் சமாளிப்பது கஷ்டம். யாராவது சிரித்தால்கூட, இவர் ஏன் சிரிக்கிறார் என்று யோசித்துக்கொண்டிருப்பான். நான் அந்த ரகத்தில் முற்றிப்போனவன்.

எண்பதுகளின் நடுவில், திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடம் நடத்த ஆள் எடுத்தார்கள். கிடைத்தால் நான் புரொபசர். கிடைக்காவிட்டால் பேகம்பூரில் அத்தாவின் தோல் மண்டி. (அந்த வாடையை நினைத்தாலே எனக்குக் குமட்டும்.) இந்த ஒரு தடவைதான் பார்ப்பேன், அப்புறம் மண்டிக்கு வந்துவிட வேண்டும் என்று அத்தா கறாராகச் சொல்லிவிட்டார்.

போதாக்குறைக்கு, கல்லூரியில் எனக்கு சீனியராக இருந்த ஒருவர் கிளப்பிவிட்டார். "ஏலே, நம்ம பாடத்துக்காரங்க நேராக் கேள்வி கேக்க மாட்டாங்க. நீ வாசல்ல கால வச்சதுமே சோதனை ஆரம்பிச்சிரும்."

இது போதாதா எனக்கு? பியூன் தண்ணீர் கொடுத்தார், வேண்டாம் என்றேன். நேர்முகத்துக்கு வந்திருந்த இன்னொருவர் பேனா கேட்டார். இவன் நிச்சயம் அவர்கள் அனுப்பிய ஆள் என்று நினைத்து, இல்லை என்றேன். (சட்டைப்பையில் இரண்டு பேனா துருத்திக்கொண்டிருந்தன.)

உள்ளே மூன்று பேர். முதல் கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொன்னேன். நடுவில் இருந்த தலைவர் தலையாட்டினார். வேலை பாதி கைக்கு வந்தாயிற்று. அப்போது பார்த்து ஆடிக்காற்று உள்ளே புகுந்தது.

"தம்பி, அந்த ஜன்னலச் செத்த சாத்துங்க" என்றார் தலைவர்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. அதிகாரத்தில் இருப்பவர் சொன்னால் மனிதன் யோசிக்காமல் கீழ்ப்படிகிறானா என்பது எங்கள் பாடத்தில் பெரிய அத்தியாயம் ஆயிற்றே. நானா மாட்டுவேன்?

"மன்னிக்கணும் சார். யார் சொன்னாலும் காரணம் தெரியாமச் செய்ய மாட்டேன்."

அவர் மறுபடியும், கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். ஆகா, வற்புறுத்தலைக் கூட்டுகிறார்கள் என்று கையைக் கட்டிக்கொண்டேன். மேசையில் இருந்த எல்லோருடைய சான்றிதழ்களும் பறந்தன. மற்ற இருவரும் தரையில் குனிந்து பொறுக்கினார்கள். தலைவரே எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். கதவு அவர் விரலை நசுக்கியது. என்னமாய் நடிக்கிறார் மனிதர் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

விரலை ஊதிக்கொண்டு வந்து உட்கார்ந்தவரிடம், சோதனையில் நான் தேறிவிட்டேனா என்று பெருமையாகக் கேட்டேன்.

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "என்ன சோதனை? காத்து அடிச்சுச்சுப்பா."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை அந்தப் பேனா கேட்டவருக்குப் போனது. மறுநாள் மண்டியில் அத்தா தோல் கட்டைத் தூக்கச் சொன்னார். காரணம் கேட்காமல் தூக்கினேன்.

இன்றுவரை எனக்குப் பிழைப்பு அங்கேதான். வாடை பழகிவிட்டது. பழகாதது வீட்டில் நடக்கும் கூத்துதான். கொஞ்சம் காற்றடித்தால் போதும், அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள். "ஏங்க, சோதனையெல்லாம் இல்ல, நெசமாத்தான் சொல்றேன். அந்த ஜன்னலச் சாத்துங்க."