ஒன்பது மணிக்கு முன் பாலத்தைத் தாண்டவும்

வாங்கும்போது மலிவாக இருக்கிற எதற்கும் தீனி போடும்போதுதான் விலை தெரியும். மாட்டுக்கும் அப்படித்தான், பிரிண்டருக்கும் அப்படித்தான். இது எனக்கு விளங்குவதற்குள் உங்கள் மாமாவின் கல்யாணமும் என் உயிரும் சேர்ந்தே போகப் பார்த்தன, பிள்ளைகளே.

யுத்தம் நடந்துகொண்டிருந்த, எங்கே குண்டு வெடிக்கும் என்று தெரியாத காலம். நாங்கள் கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு இருந்தோம். நான் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். உங்கள் அம்மாவின் தம்பி, அதாவது என் மச்சான், தன் கல்யாணத்துக்காகக் கலஹாவிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தான்.

"அழைப்பிதழ பிரஸ்ல அடிக்கக் குடுங்க" என்றாள் உங்கள் அம்மா.

"வீட்லயே பிரிண்டர் இருக்கு, வெளிய எதுக்கு?" என்றேன். (அந்த வாக்கியத்தை இன்றுவரை எனக்கே திருப்பிச் சொல்லிக் காட்டுகிறாள்.)

பிரிண்டர் என் சம்பளத்துக்குள் அடங்கியது. அதற்குப் போடும் மை அடங்கவில்லை. ஆகவே நான் சிக்கனத் திட்டம் வகுத்தேன். ஒவ்வொரு தாள் வந்ததும் சுவரிலேயே சுவிட்சை அணைப்பேன், கரண்ட் மிச்சமாம்! திரும்ப உயிர் வரும்போதெல்லாம் அது கரகரவென்று வாய் கொப்பளித்து மையைத் துப்பித் தீர்க்கும் என்பது எனக்குத் தெரியாது. கடைசி அழைப்பிதழ்களுக்கு வந்தபோது சிவப்பு மை தீர்ந்துவிட்டது. தலைப்பும் மணமக்கள் பெயரும் சிவப்பு. மிஞ்சிய கறுப்பில், மண்டபத்துக்கு வழி காட்டும் படமும் அதன் கீழே நான் எழுதிய குறிப்பும் மட்டும் விழுந்தன. அந்தத் தாள்களை வீசுவேனா? மறுபக்கம் வெள்ளையாக இருக்கிறதே!

அந்நாளில் வீட்டில் யாராவது வந்து தங்கினால் பொலிஸில் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். அந்த மறுபக்கத்தில் பட்டியலை அடித்து, மச்சானின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சேர்த்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

சீல் குத்தப் போன பொலிஸ் சார்ஜன் கையை நிறுத்தினார். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு மெல்லத் திருப்பினார்.

வளைந்த கோடு மகாவலி ஆறு. குறுக்கே பாலம். யாரும் வழி தவறக் கூடாதென்று நான்தான் பாலத்தைத் தடித்த கறுப்பில் போட்டு, இரண்டு அம்புக்குறியும் வைத்திருந்தேன். சார்ஜன் சிங்களவர், ஆனாலும் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். அது என் கெட்ட காலம்.

"அனை... வரும்... ஒன்பது மணிக்கு முன்... பாலத்தைத்... தாண்டவும்." நிமிர்ந்தார். "ஒன்பது மணிக்குப் பாலத்தில என்ன நடக்கும்?"

பாலத்துச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினால் முகூர்த்தம் தவறிவிடும் என்றுதான் எழுதினேன். அதை அவரிடமே எப்படிச் சொல்வது?

"கல்யாணம் சேர்!" என்றேன்.

"மாப்பிள பேர் எங்க? பொண்ணு பேர் எங்க?"

"சிவப்பில இருக்கு சேர்."

"எங்க சிவப்பு?"

"முடிஞ்சிருச்சு சேர்."

அவர் சிரிக்கவில்லை. என்னைப் பிடித்தால் மச்சானையும் பிடிப்பார்கள். அவன் இருக்கும் இடத்தை நானே அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை இல்லாத மணவறை கண்ணுக்குள் வந்தது.

என்னை ஜீப்பில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வாசலில் அம்மா வெலவெலத்து நின்றாள்.

"என்னங்க இது?"

"பிரிண்டர் பாக்க வந்திருக்காங்க."

"வாங்கவா?"

உள்ளே மச்சான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். கொம்பியூட்டர் திரையில் பெயர்கள் சிவப்பாகத் தெரிந்தன. "அடிங்க" என்றார் சார்ஜன். சுவிட்சைப் போட்டேன். பிரிண்டர் உறுமியது. கதவருகே நின்ற கான்ஸ்டபிளின் கை துப்பாக்கிக்குப் போனது. "வாய் கொப்பளிக்குது சேர், பயப்படாதீங்க" என்றேன், வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்த நான். ஒரு இயந்திரம் ஒழுங்காக வேலை செய்துவிடக் கூடாதே என்று கடவுளை வேண்டியது வாழ்க்கையில் அன்று மட்டும்தான்.

தாள் வந்தது. பாலம், அம்பு, ஒன்பது மணி. பெயர் இல்லை.

சார்ஜன் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிரஸ்ல அடிச்சா என்ன?"

"நான் சொன்னேன் சேர்!" என்றாள் அம்மா. (அந்த நடுக்கத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை.)

பட்டியலைப் புதுத் தாளில் வாங்கிக்கொண்டார். பழையதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அதை ஏன் வைத்தார் என்று யோசித்து யோசித்து, கல்யாணம் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் ஜீப் வந்து நின்றது. மேளம் நின்றது. சார்ஜன் அந்தத் தாளைக் கையில் விரித்தபடி நேரே என்னிடம் வந்தார்.

"ஒன்பதுக்கு முன்னுக்கே பாலத்தைத் தாண்டிட்டேன்" என்றார்.

சாப்பிட வந்தாரா, சோதிக்க வந்தாரா, இன்றுவரை தெரியாது. பாயசம் இரண்டு தரம் கேட்டு வாங்கினார்.

இப்போது பிரிண்டரை அதன் பொத்தானில்தான் அணைக்கிறேன். மை காயாமலிருக்கக் கிழமைக்கு ஒரு தாள் அடிக்கிறேன். நான் எந்தத் தாளை நீட்டினாலும் நீங்கள் முதலில் திருப்பிப் பார்க்கிறீர்கள், அது நல்ல பழக்கம். நான் எங்கே கிளம்பினாலும் உங்கள் மாமா, "மச்சான், ஒன்பதுக்கு முன்னாடி பாலத்தத் தாண்டிருங்க" என்பான். எல்லாரும் சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன். ஆனால் பாலம் முடியும்வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் போவேன்.