ஒன்பது கிலோமீட்டரில் அபி

"தொலைஞ்சு போடி, சனியனே!" என்று விமல்ராஜ் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினான்.

திரையில் இருந்த பெண் சிரித்தாள். வெளுத்த முகம், இமைக்காத கண்கள். கீழே எழுத்து: ‘அபி. தனிமையில் வாடுகிறாள். உங்களிடமிருந்து ஒன்பது கிலோமீட்டர்.’

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுப்பவன் விமல்ராஜ். இந்த முறை, தன் கல்யாணத்துக்காக, வாடிக்கையாளரும் அவனே. முகூர்த்தப் பட்டின் முந்தானையில் மாப்பிள்ளை, பெண் இருவர் முகத்தையும் நெய்வது இப்போது ஊரெல்லாம் பரவிவிட்ட மோகம். நிச்சயதார்த்தப் படத்தைத் தறிக்கு ஏற்றபடி கட்டம் கட்டமாகப் பிரிக்க அன்று காலை ஓர் இலவச சாஃப்ட்வேரை இறக்கினான். பெயர், படம், போன் எண்கள், இருக்கும் இடம் என்று அது கேட்ட கேள்விக்கெல்லாம் படித்துக்கூடப் பார்க்காமல் ‘சம்மதம்’, ‘சம்மதம்’ என்று அழுத்தினான். நிச்சயத்தில்கூட அவன் அத்தனை தடவை சம்மதம் சொல்லவில்லை.

டிசைன் வந்தது. கூடவே அபியும் வந்தாள்.

மாலையில் டிசைன் பார்க்க ஐயம்பேட்டையிலிருந்து பெண்ணின் அப்பா அர்ஜுனன் வருகிறார். முன்பு வந்த ஒரு மாப்பிள்ளையை, பாக்கு மெல்லுகிறான் என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பிய மனிதர். அவர் முன்னால் அபி சிரித்தால் கல்யாணம் நின்றுவிடும். முப்பத்தெட்டு வயதில் கலைவாணி கிடைத்திருக்கிறாள். அவளை இழக்க விமல்ராஜுக்குத் தெம்பில்லை.

மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினான். ஓர் அபி மூன்று அபியானாள். ‘ஆறு கிலோமீட்டர்.’

"ஐயோ, கிட்ட வர்றாளே!"

‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்! சுத்தம் செய்ய இங்கே அழுத்தவும்’ என்று ஒரு பெட்டி குதித்தது. நன்றியோடு அழுத்தினான். சுத்தம் செய்ய வந்தது தன் சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து குடியேறியது. ஸ்பீக்கரில் மெல்லிய குரலில் "ஹலோ..." என்று கேட்டது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறைத் தறி நின்றுவிட, வீடு முழுக்க அந்தக் குரல்தான். ‘மூன்று கிலோமீட்டர்.’

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் நண்பன் சிட்டிபாபுவுக்குப் போன் போட்டான்.

"எங்கேர்ந்துபா இறக்கின?"

"யாரோட சைட்டோ தெரியல. ஓசின்னு போட்டுருந்துச்சு."

"தயாரிச்சவன் சைட்டுலதான் இறக்கணும். ஓசில குடுக்கிறவன் நீ ஒண்ணு கேட்டா கூடவே நாலைக் கட்டி அனுப்புவான். கூட வர்றதுக்குப் போட்டிருக்கிற டிக்கையெல்லாம் எடுத்துட்டு இல்ல இன்ஸ்டால் பண்ணியிருக்கணும்?"

"இப்ப என்ன பண்றது? அவ மூணு கிலோமீட்டர்ல வந்துக்கினு இருக்கா!"

"யாரு?"

"அபி!"

"உனக்குக் கல்யாணம்தானே?" என்றான் சிட்டிபாபு.

பிறகு வழி சொன்னான். "கண்ட்ரோல் பேனலுக்குப் போ. இன்னிக்குத் தேதில எதெது வந்து ஒக்காந்துக்கினு இருக்குதோ, எல்லாத்தையும் தூக்கு. பிரவுசர்ல எக்ஸ்டென்ஷன், நோட்டிஃபிகேஷன் ரெண்டையும் பாரு. கடைசியா நல்ல ஆன்டிவைரஸ் ஓட்டு."

முதலாவதை நீக்கப் போனபோது அது கேட்டது: ‘எங்களை விட்டுப் பிரிகிறீர்களா? மனது வலிக்கிறது.’ பெரிய பச்சைப் பொத்தானில் ‘பிரியவில்லை’. அடியில், கண்ணைச் சுருக்கினால் தெரியும் சாம்பல் எழுத்தில் ‘நீக்கு’. விமல்ராஜ் இளகிய மனதுக்காரன். பச்சையை அழுத்திவிட்டான்.

‘அரை கிலோமீட்டர்.’ அறையின் டியூப் லைட் ஒரு தடவை அணைந்து எரிந்தது.

"பாவம் பாக்காதபா! சாம்பலைக் குத்து!" என்று போனில் கத்தினான் சிட்டிபாபு.

குத்தினான். ஒவ்வொன்றாக நீக்கினான். எக்ஸ்டென்ஷனைப் பிடுங்கினான். நோட்டிஃபிகேஷனை அடைத்தான். மாலை வரை ஆன்டிவைரஸ் ஓட ஓட, ஸ்பீக்கரில் சிரிப்பு பாதியில் அறுந்தது. கடைசியாக ஒரே ஒரு பெட்டி மிஞ்சியது: ‘அபி. உங்கள் வாசலில்.’ அதுவும் மறைந்தது.

வாசல் கதவு தட்டப்பட்டது.

விமல்ராஜ் சாமி பெயர்களை எல்லாம் முணுமுணுத்தபடி போய்க் கதவைத் திறந்தான்.

அர்ஜுனன் நின்றிருந்தார். பின்னால் அவருடைய இளைய மகள் அனு, கையில் போனோடு.

திரையில் முந்தானை டிசைன் மட்டும் இருந்தது. அர்ஜுனன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். விமல்ராஜ் ஸ்பீக்கர் மேலேயே கண்ணை வைத்து நின்றான். யாரும் குதிக்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை.

"என் பொண்ணு மூஞ்சி அப்படியே இருக்குதுபா" என்றார் அர்ஜுனன். "உங்க கைல குடுக்கிறதுல எனக்கு ஒரு கவலையும் இல்ல."

விமல்ராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. பிழைத்தோம் என்று நாற்காலியில் சாய்ந்தான்.

அனு மட்டும் அவனையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஷேர் ஆட்டோ ஏறினதுலேர்ந்து நீங்கதான் என் போன்ல வந்துக்கினே இருக்கீங்க... ‘விமல்ராஜ், தனிமையில் வாடுகிறான், உங்களிடமிருந்து ஐந்தே அடி’ன்னு இருக்குது, அக்காவுக்கும் காலைலேர்ந்து இதேதான் வருதாம்!"