பாதிக் கிணறு களவு போன கதை

முதலில் ஒரு விடுகதை.

கிணத்துக்குள்ள முங்குவான், நீச்சல் தெரியாது;
பாதிக் கிணறு களவு போச்சு, அவனுக்குத் தெரியாது.
அவன் யார்?

தவளை என்பீர்கள். இல்லை. வாளி என்பீர்கள். அதுவும் இல்லை. யோசித்துக்கொண்டே இருங்கள். விடை அந்தச் சனிக்கிழமை முழுவதும் என் சட்டைப் பையில் இருந்தது. விடுகதையைக் கட்டியவள் என் சொந்த மகள். அதை அவள் யாரிடம் சொன்னாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் எனக்கு நடந்த அநியாயத்தைக் கேளுங்கள்.

என் பெயர் லியனார்ட். மஸ்கெலியாவுக்கு மேலே நாலு மைல் ஏறினால் வரும் ஒரு தோட்டத்தில் கண்டாக்கு உத்தியோகம். மலை மலையாகப் போய் வேலையைப் பார்ப்பது, பார்த்ததைத் துரையிடம் சொல்வது, இதுதான் என் வேலை. கையில் எப்போதும் ஒரு குச்சி இருக்கும். மழைத்தண்ணீர் ஓடுவதற்குக் கானு வெட்டினால், அதற்குள் குச்சியை விட்டுப் பார்ப்பேன். பதினெட்டு அங்குலம் இருந்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். இல்லாவிட்டால் அரைப் பேர். என் குச்சியை ஏமாற்றிய கானு அந்தத் தோட்டத்திலேயே கிடையாது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் சின்னத்துரை சீமைக்குத் திரும்பியபோது தன் மோட்டார் சைக்கிளை எனக்கு விற்றுவிட்டுப் போனார். நல்ல வண்டி. ஒரே ஒரு குறை. டேங்க்கில் எவ்வளவு பெற்றோல் இருக்கிறது என்று காட்டும் முள் கிடையாது. மூடியைத் திறந்து ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரே இருட்டு. அவசரத்துக்கு மிச்சம் வைக்கும் ரிசேர்வ் குழாய் ஒன்று இருந்ததாம். அது துரையின் காலத்திலேயே அடைத்துக்கொண்டது.

ஆகவே நானே ஒரு கருவி செய்தேன். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து நேரான தேயிலைக் குச்சி ஒன்றை எடுத்து வந்தேன். பட்டையை உரித்துக் காயவைத்தேன். எங்கள் தோட்டத்தில் சமதரை என்று சொல்லக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். கொழுந்து நிறுக்கும் மடுவம். அதன் சிமெந்துத் தரையில் வண்டியை நிறுத்தி, டேங்க்கை வற்றவைத்து, ஒவ்வொரு போத்தலாகப் பெற்றோல் ஊற்றினேன். ஒரு போத்தலுக்கு ஒரு கோடு வெட்டினேன். ஒரு போத்தலுக்குப் பத்து மைல் ஓடும். எனவே ஒரு கோடு என்றால் பத்து மைல். இதைவிட நேர்மையான கருவி சீமையிலும் இல்லை.

அதன் பிறகு மூன்று தடவை நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது உண்மை. அதற்கும் குச்சிக்கும் சம்பந்தமில்லை. முதல் தடவை எதிர்க்காற்று. இரண்டாவது தடவை மழை. மூன்றாவது தடவை பக்கத்து வீட்டு டீமேக்கர் சிவசாமி பின்னால் உட்கார்ந்திருந்தார். சிவசாமியைப் பார்த்தவர்கள் மேற்கொண்டு காரணம் கேட்கமாட்டார்கள்.

பஸ்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதற்கு மறுவருடம் அது. என் மகள் பிலோமினா தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டாள். அதற்கு மேல் அங்கே வகுப்பு இல்லை. ஹட்டனில் உள்ள கான்வென்ட்டில் சேர வேண்டும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சோதனை. ஒன்பது அடித்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். தவறினால் அடுத்த வருடம்தான். பிள்ளை ஒரு வருடம் வீட்டில் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நாலு மணித் தேத்தண்ணி குடிக்கும்போது என் தீர்மானத்தை மனைவி றோசலினிடம் அறிவித்தேன்.

"நாளைக்கு மூணு பேரும் மோட்டார் சைக்கிள்ல போறோம்."

"பஸ் இருக்குங்களே."

"பஸ்ஸா? போன மாசம் ஒரு கிழவி மடியில வச்சிருந்த சேவல் ஹட்டன் வரைக்கும் என் காதைக் கொத்திக்கிட்டே வந்துச்சு. நான் கண்டாக்கு. ஒரு மரியாதை வேணாமா?"

"சேவலுக்கு அது தெரியாதுங்களே."

"அதுக்குத்தான் சொல்றேன். இனிமே இந்த வீட்டு ஆளு ஒருத்தரும் பஸ்ஸுல கால் வைக்கக் கூடாது!"

"சரிங்க. டேங்க்ல எவ்வளவு இருக்கு?"

"இன்னைக்கு மத்தியானம் மடுவத்துல நிறுத்திப் பார்த்தேன். ரெண்டரைக் கோடு. இருவத்தஞ்சு மைல். ஹட்டன் பதினாறு மைல். போய்ச் சேர்ந்தப்புறம் அங்க பெற்றோல் செட்ல ஊத்திக்கலாம்."

"மடுவத்துல சரிங்க. நம்ம வாசல் சரிவா இருக்கே. இங்க குச்சிய விட்டா வேற மாதிரி காட்டாதுங்களா?"

"குச்சி குச்சிதான். எடத்துக்கு ஏத்த மாதிரி பேசுறதுக்கு அது என்ன சிவசாமியா?"

"வாசல்ல நிக்கிற தண்ணிப் பீப்பாவப் பாருங்க. பள்ளத்துப் பக்கம் வழியுது. மேட்டுப் பக்கம் ஒரு சாண் காலி. எந்தப் பக்கம் கைய விடுறோமோ அந்தப் பக்கத்துக் கணக்குத்தானே?"

"பீப்பா வேற, பெற்றோல் டேங்க் வேற. பீப்பாவுல கோடு வெட்டின குச்சி இருக்கா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன பேச்சு?"

அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கலியாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆனவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது. வண்டியை வாசலில் விட்டுவிட்டு அந்திக் கொழுந்து நிறுவைக்கு நடந்தே போனேன்.

மறுநாள் காலை. எங்கள் வாசலில் வண்டி எப்போதும் பள்ளத்தைப் பார்த்து நிற்கும். உதைக்காமல் உருட்டியே கிளப்பிவிடலாம் அல்லவா? டேங்க்கின் மூடி முன்பக்கத்தில் இருக்கிறது. திறந்தேன். குச்சியை விட்டேன். எடுத்தேன்.

"ரெண்டரைக் கோடு! நேத்தும் ரெண்டரை, இன்னைக்கும் ரெண்டரை. ஒரு நூல்கூட மாறல்ல. பார்த்தியா?"

றோசலின் குனிந்து உற்றுப் பார்த்தாள். "மாறவே இல்லீங்களா?"

"உனக்குக் கண் இல்லையா?"

"இருக்குங்க. நீங்களும் நல்லாப் பார்த்துக்குங்க. பிலோ, நீயும் வந்து பார்த்துக்க."

பிலோமினா வந்து பார்த்தாள். "ரெண்டரைதான் அப்பா" என்றாள். குச்சியைத் துடைத்துச் சட்டைப் பையில் செருகினேன்.

டேங்க்கின் மேல் மகள், பின்னால் மனைவி, அவள் மடியில் ஒரு கூடை. கூடைக்குள் சாப்பாட்டு டப்பா, மகளின் பென்சில் பெட்டி, வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு போத்தல். கோயில் தீர்த்தமாக இருக்கும், சோதனைக்கு முன்னால் பிள்ளை நெற்றியில் தொட்டு வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். பக்தியுள்ள பெண் என்று மனதுக்குள் பாராட்டியும்விட்டேன். அந்தப் பாராட்டை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மஸ்கெலியா வந்தது. ஸ்டாண்டில் ஹட்டன் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஹோர்னை இரண்டு தடவை அடித்துவிட்டு அதைக் கடந்தேன். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா உருண்டோம். நோர்வூட் போனது. டிக்கோயா போனது. ஹட்டனுக்கு இன்னும் இரண்டே மைல். மணி எட்டேகால்கூட ஆகவில்லை.

ஏற்றம் தொடங்கியது. வண்டி ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றது.

குச்சியை விட்டுப் பார்த்தேன். ஈரமே இல்லை. திருப்பிப் போட்டும் விட்டுப் பார்த்தேன். அந்த முனையும் காய்ந்துதான் வந்தது.

"இருவத்தஞ்சு மைல் வரணும்! பதினாலு மைல்தான் வந்திருக்கோம். மிச்சம் பதினொரு மைல் எங்க போச்சு?"

"இங்க இருக்குங்க" என்றாள் றோசலின். வெள்ளைத் துணியை அவிழ்த்துப் போத்தலை எடுத்தாள். தக்கையைத் திறந்தாள். தீர்த்தத்துக்கு அந்த வாசனை வராது.

"பெற்றோல்! ஏது இது?"

"நம்ம டேங்க்ல இருந்ததுதான். நேத்து நீங்க நிறுவைக்குப் போனதும் ரப்பர் குழாயக் கழட்டிப் புடிச்சேன். ஒரு போத்தல்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த மலையே ஆடியிருக்க வேண்டும்.

"திருடி! என் பெற்றோலத் திருடிட்டு, என் வண்டியில ஏறி, என் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துக்கிட்டு வந்தியா? நீ எடுக்காட்டி இந்நேரம் ஹட்டன்ல இருந்திருப்போம்!"

"இருந்திருப்போம்ங்க. நான் இல்லேங்கல."

"அப்ப குத்தம் யாரு மேல?"

"நேத்து மடுவத்துல எவ்வளவு காட்டுச்சு?"

"ரெண்டரை."

"ஒரு போத்தல் எடுத்தப்புறம் எவ்வளவு இருக்கணும்?"

"ஒண்ணரை."

"இன்னைக்குக் காலையில வாசல்ல எவ்வளவு காட்டுச்சு?"

நான் டேங்க்கின் மூடியை இறுக்கித் திருகினேன்.

"ரெண்டரை, அப்பா" என்றாள் பிலோமினா. அவளை யாரும் கேட்கவில்லை.

"பெற்றோல் எல்லாம் பள்ளத்துப் பக்கம் சேர்ந்து நிக்குது. நீங்க அங்கயே குச்சிய விடுறீங்க. தினமும் ஒரு கோடு கூடத்தான் காட்டுது. மூணு தடவை தள்ளிக்கிட்டு வந்தீங்க. காத்துன்னீங்க, மழைன்னீங்க, பாவம், சிவசாமி அண்ணன்னீங்க. சொன்னாக் கேக்க மாட்டீங்க. அதான் காட்டினேன்."

"பிள்ளை சோதனைக்குப் போற நாள்லதான் காட்டணுமா? கேட்டைப் பூட்டிட்டா?"

"பூட்ட மாட்டாங்க. கையில போத்தல் இருக்கு. பின்னால பஸ் வருது. ரெண்டையும் பார்த்துக்கிட்டுத்தான் வந்தேன். நீங்க குச்சிய மட்டும் பார்த்துக்கிட்டு வந்தீங்க."

"என் குச்சியப் பத்திப் பேசாத! தோட்டத்துல ஒரு கானு அதை ஏமாத்தினதில்ல!"

றோசலின் கொஞ்சம் தயங்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க எப்பவும் கானு ஓரத்துல அடையாளக் கல்லு வச்ச எடத்துலதான் குச்சிய விடுவீங்களாம். ஆளுங்க அந்த எடத்துல மட்டும் ஆழமா வெட்டுவாங்களாம். லயத்துல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்ங்க."

பதினோரு வருட உத்தியோகம் அந்த ஏற்றத்தில் என் கண் முன்னால் உருண்டு போயிற்று.

அந்த நேரம் பார்த்துப் பஸ் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "மொகத மாத்தயா?" என்று சிங்களத்தில் என்ன விஷயம் ஐயா என்று கேட்டார்.

"பெற்றோல் இவரய்" என்றாள் றோசலின். பெற்றோல் தீர்ந்துவிட்டதாம். அவளுக்கு இவ்வளவு சிங்களம் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. பஸ் முழுவதும் தெரிந்துகொண்டது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் முளைத்தன.

அவள் போத்தலை என் கையில் கொடுத்தாள். "நீங்க ஊத்திக் கிளப்பிக்கிட்டு வாங்க. நேரத்தோட விளையாட வேணாம். நாங்க இதுல போறோம்." மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

ஊற்றினேன். உதைத்தேன். பதினேழாவது உதைக்குக் கிளம்பியது. ஹட்டனுக்குள் நுழையும் இடத்தில் பஸ்ஸைப் பிடித்தேன். ஆனால் முந்த முடியவில்லை. அதன் கரும்புகை முழுவதையும் நானே குடித்துக்கொண்டு போனேன். பின் ஜன்னலில் றோசலின் தெரிந்தாள். அவள் மடியில் யாருடையதோ ஒரு சேவல். அது என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. அதே சேவல்தான். சத்தியம் பண்ணுவேன்.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பிலோமினா கான்வென்ட் கேட்டுக்குள் போனாள். நான் வெளியே நின்று முகத்தில் இருந்த கரியைத் துடைத்தேன்.

பதினொரு மணிக்கு மதர் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்வை என் சட்டைப் பையில் நின்றது.

"நீங்கதானா அந்தக் குச்சிக்காரர்?"

நடந்தது இதுதான். கடைசியில் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு விடுகதை போடச் சொன்னார்களாம். புத்தகத்தில் இல்லாத விடுகதையாக இருக்க வேண்டுமாம். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் முட்டை, குடை, தேங்காய் என்று பழைய விடுகதைகளையே சொல்லியிருக்கிறார்கள். என் மகள், நான் தொடக்கத்தில் உங்களிடம் போட்டேனே, அதைச் சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் வரும்போது கட்டினாளாம். யாருக்கும் விடை தெரியவில்லை. மதர் விளக்கம் கேட்க, இவள் மடுவத்திலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல், சிவசாமி உட்பட எல்லாவற்றையும் சொல்லி முடித்திருக்கிறாள். மதர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும்படி ஆகிவிட்டதாம்.

"தை மாசம் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார் மதர். "பிள்ளைக்கு எடம் இருக்கு."

சந்தோஷம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தகப்பனுடைய மானத்தைக் கொடுத்தா ஒரு பிள்ளை இடம் பிடிப்பது?

நேரே பெற்றோல் செட்டுக்குப் போனேன். டேங்க்கை வாய் வரைக்கும் நிரப்பினேன். கண்ணாலேயே பார்க்கலாம், குச்சி தேவையில்லை. சரிவோ சமதரையோ, நிரம்பியது நிரம்பியதுதான். ஒரு பொட்டலம் டொபியும் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். மஸ்கெலியா பஸ் புறப்பட இருந்தது.

"றோசலின், ஏறு. இப்ப என்ன சொல்ற?"

"இப்பச் சொல்றதுக்கு என்னங்க இருக்கு? டேங்க் நெறைஞ்சிருக்கு. பிள்ளை எதுல வருதோ அதுல நானும் வாறேன்."

மகள் பக்கம் திரும்பினேன். டொபிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தேன். டேங்க்கின் மேல் துண்டை மடித்துப் போட்டேன். வீடு வரைக்கும் அவளே ஹோர்ன் அடிக்கலாம் என்றேன். மூடியைத் திறந்து வழிகிற பெற்றோலையும் காட்டினேன்.

பிலோமினா டொபியை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.