ஆச்சு மாமாவின் இரண்டு குரல்கள்

புனேயிலேயே ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலிருந்து பேசிய ஒரே மனிதர் எங்கள் 'ஆச்சு' மாமாதான். கராடியில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் தனியாக இருந்தார். வாடிய கொத்தமல்லியைத் திட்டிக்கொண்டே என்னோடு லிஃப்டிலிருந்து இறங்குவார். அவர் பூட்டிவிட்டுப் போன கதவுக்கு உள்ளிருந்து அவர் குரலே, "கூடம் பாதி ஆச்சுங்க" என்னும். முதல் தடவை கேட்ட என் மனைவி ஒரு வாரம் விபூதி இல்லாமல் வாசலைத் தாண்டவில்லை.

உள்ளே பேசியது தரை பெருக்கும் ரோபோ. மாமா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அங்கே கை செய்வதையெல்லாம் வாய் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமாம். வீட்டிலும் பல் தேய்த்தால் "ஆச்சு", செருப்பு மாட்டினால் "ஆச்சு". அவரிடம் போய் 'கீங் கீங்' என்று மட்டும் கத்தும் மெஷினா?

"வேலை ஆச்சா, பாதியா, மாட்டிக்கிச்சா, ஒண்ணும் புரியலடா. சொல்லாம வேலை செய்யறவன் பக்கத்துல நான் நிக்கவே மாட்டேன்!"

சொந்தக் குரலை ஏற்றிக்கொள்ளும் வசதி மெஷினில் இருந்தது. நான்தான் பதிவு செய்து கொடுத்தேன். "மாட்டிக்கிட்டேன், வந்து எடு" என்றவர் சட்டென்று கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதை அழிடா. வேலைக்கு வந்தது மரியாதையா பேசணும்." தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி பேசினார்: "மாட்டிக்கிட்டேங்க, வந்து எடுங்க."

அது தினமும் கட்டிலடியில் மாட்டிக்கொண்டு அவர் குரலில் கெஞ்சும். கேட்டுக் கேட்டு நாங்கள் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டோம்.

ஒரு ஞாயிறு மதியமும் அதே குரல். மூன்று தடவை கேட்டும் நான் கையிலிருந்த வடாபாவைக் கீழே வைக்கவில்லை. நாலாவது தடவைதான் சரியாகக் காதில் விழுந்தது.

"மாட்டிக்கிட்டேன். வந்து எடுடா."

ஒரு மெஷின் எனக்கு 'டா' போடுவதா என்று முதலில் கோபம்தான் வந்தது. அடுத்த நொடிதான் உறைத்தது, மெஷினுக்கு 'டா' தெரியாதே! அவர் எங்களிடம் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவியோடு ஓடினேன். ரோபோவை எடுக்கக் குனிந்த மாமா, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து, இடுப்பு முறிந்து கிடந்தார். அது அவர் கன்னத்தை முட்டி முட்டி, அவர் குரலிலேயே, "பாதி ஆச்சுங்க" என்றது.

"எத்தனை தடவைடா கூப்பிடறது?"

"நீங்கன்னு தெரியல மாமா."

"அதான் 'டா' போட்டேனேடா!"

இடுப்பு தேறியது. ஆனால் போன மழைக்காலத்துக் காய்ச்சலில் மாமா போய்விட்டார். அவர் மகள் மெஷினை எங்களிடம் விட்டுப் போனாள். குரலை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. இப்போது எங்கள் சோபாவுக்கு அடியிலிருந்து அவர் கூப்பிடுகிறார்: "மாட்டிக்கிட்டேங்க, வந்து எடுங்க."

முதல் குரலுக்கே ஓடிவிடுகிறேன். தூக்குவதற்கு முன் தரையில் காதை வைத்துக் கொஞ்சம் காத்திருப்பேன். ஒரு தடவை 'டா' போடுங்கள் மாமா, இந்த மரியாதை எனக்குத் தாங்கவில்லை.