கற்பூரத்தாரின் மஞ்சள் லைற்

இந்த உலகத்தில் எந்த மெஷினையும் கற்பூரம் காட்டித் திருத்திவிடலாம் என்று மனதார நம்பிய ஒரே மனிதரை எனக்குத் தெரியும். இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், அதுவும் எங்கள் அல்பெர்கேரியா ஒழுங்கைகளுக்குள், அவரை அறியாத தமிழ்ச் சனம் இல்லை. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் முழிப்பார்கள். கற்பூரத்தார் என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும்.

பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நகரத்தின் பொலிதேயாமாப் பக்கம் ஒரு பெரிய கட்டடத்தில் மனிதர் படி கூட்டும் வேலை பார்த்தார். அந்தக் கட்டடத்து லிஃப்ற் அடிக்கடி இடைவழியில் நின்றுவிடும். ஒருமுறை ஆட்கள் வந்து திருத்திவிட்டுப் போனதும், இனி நிற்கக்கூடாது என்று இவர் லிஃப்றுக்குள்ளேயே தட்டம் வைத்துக் கற்பூரம் கொளுத்தினார். அவ்வளவுதான். மணி அடித்து, தீயணைப்பு வாகனம் வந்து, மேல்மாடிச் சீமாட்டி சிக்னோராக்கள் எல்லாம் தலைமயிரில் சுருட்டிகளோடு றோட்டில் நின்றார்கள். வேலை போயிருக்கவேண்டும். போகவில்லை. ஏனென்றால் அந்த லிஃப்ற் அதற்குப் பிறகு ஒருநாளும் நிற்கவில்லை. அதுதான் வந்த வினை. சனியன் பிடித்த லிஃப்ற் ஒருதரமாவது நின்றிருந்தால் இந்த மனிதர் திருந்தியிருப்பார்.

இப்படிப்பட்டவர் ஒரு பழைய வான் வாங்கினார். யாரோ ஒரு அமெரிக்கன் கப்பலில் கொண்டுவந்து, ஓடிக் களைத்து, விட்டுப் போனது. அது எங்கள் ஒழுங்கைக்குள் வந்தால் மெலிந்தவர்கள் சுவரோடு ஒட்டி நிற்கலாம், மற்றவர்கள் வீட்டுக்குள் ஓடவேண்டும். ஆனால் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மொண்டெல்லோவில் கடற்கரைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் மீன் துப்பரவாக்குவது என் வேலை. என்னையும் அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் இன்னும் சிலரையும் காலையில் ஏற்றிக்கொண்டு போனது அந்த வான்தான்.

எங்களுக்காக அவர் அதை வாங்கவில்லை. ஊரில் இருந்த மனுசி பவானிக்காக வாங்கினார். கலியாணம் முடித்து இரண்டு மாதத்தில் இஞ்சை வந்தவர், பேப்பர் சரிவராமல் ஏழெட்டு வருசம் ரெலிபோனிலேயே குடும்பம் நடத்தினார். ஒருவழியாக விசா கிடைத்தது. பவானி வரும் நாளும் குறித்தாயிற்று. நாள் குறித்த அந்த வாரம்தான் வானில் மஞ்சள் லைற் எரியத் தொடங்கியது.

"தங்கச்சி, இஞ்சை பார். எஞ்சின் படம் போட்டு ஒண்டு எரியுது."

"ஓடுதுதானே அண்ணை?"

"ஓடுது. ஆனால் எரியுது."

என் இத்தாலியன் கொஞ்சம் பரவாயில்லை என்பதால் மெக்கானிக்கிடம் கதைக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மெக்கானிக் தூரிக்கு இரண்டு குணம். கை நிற்காது, வாயும் நிற்காது. சின்ன மெஷின் ஒன்றை வானில் கொழுவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: பெற்றோல் ஆவி எங்கேயோ கசிகிறது. பெற்றோல் தாங்கியிலிருந்து எழும்பும் ஆவி வெளியே போகாமல், குழாய் வழியாக எஞ்சினுக்கே திரும்பிப் போகவேண்டுமாம். ஊசி ஓட்டை அளவு கசிந்தாலும் இந்த அமெரிக்க வண்டிகள் கண்டுபிடித்து லைற் போட்டுக் காட்டிக்கொடுக்குமாம். ஓடுவதற்கு ஒரு தடையும் இல்லையாம்.

"ஓடலாமாம் அண்ணை. பயப்பிட ஒண்டும் இல்லையாம்."

"ஓடுறது பிரச்சினை இல்லை. லைற் எரியிற வாகனத்திலை நான் பவானியை ஏத்தமாட்டன்."

"பின்னை? பஸ்ஸிலையோ கூட்டிக்கொண்டு வாறது?"

"விசர்க்கதை கதையாதை. எல்லாம் நல்லாய் இருக்குது எண்டு அவளுக்கு இத்தினை வருசமாய்ச் சொல்லிக்கொண்டு இருக்கிறன். அவள் வந்து ஏறினவுடனை முதல் காணுறது இந்தக் கோதாரியையோ?"

 தூரியிடம் திரும்பி, எப்படியாவது அந்த லைற்றை அழி என்றேன்.

தூரி வானுக்கு அடியில் புகுந்து ஒரு குழாயை மாற்றி லைற்றை அழித்தான். கற்பூரத்தாரின் முகம் பூரித்துவிட்டது. சட்டைப்பையில் இருந்து கற்பூரக் கட்டியை எடுத்து, தாங்கிக்குப் பக்கத்திலேயே குந்தி இருந்து நெருப்புப் பெட்டியைத் தட்டப் போனார். தூரி போட்ட சத்தம் பல்லரோ சந்தை வரைக்கும் கேட்டிருக்கும். பாய்ந்து வந்து நெருப்புப் பெட்டியைப் பறித்தான். பெற்றோல் ஆவி கசியும் வண்டிக்குப் பக்கத்தில் நெருப்பா, உங்களுக்குப் பைத்தியமா, எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சிசிலியன் மொழியில் வைத்தான் பாருங்கள், நான் பாதியைத்தான் மொழிபெயர்த்தேன். மீதியை ஒரு பொம்பிளை வாயால் சொல்லமுடியாது. அன்று தொடக்கம் கற்பூரத்தார் கராஜ் வாசலில் வந்தால் அவன் முதலில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவான்.

கற்பூரம் தடை. அதற்காக மனிதர் சும்மா இருப்பாரா? கற்பூரத்தில் குறைந்ததைச் சந்தனத்தில் ஈடுகட்டினார். ரயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், வானின் நெற்றியில் சந்தனப் பொட்டு, ஸ்ரேறிங்கில் ஒரு பொட்டு. பிறகு பெற்றோல் மூடியைக் கழற்றி, குழாயின் விளிம்பைச் சுற்றி மோதிர விரலால் தடிப்பாகச் சந்தனம் பூசி, மேலே குங்குமமும் வைத்து மூடுவார்.

"அதுக்குள்ளை ஏன் அண்ணை?"

"வாகனம் பெற்றோல் குடிக்கிறது எதாலை?"

"அதாலைதான்."

"அப்ப அதுதானே வாய். நெத்திக்குப் பொட்டு வைக்கிறம், வாய்க்கு ஒண்டும் இல்லையோ?"

சில நாள் ஓடியது. லைற் திரும்பவும் வந்தது. தூரி ஒரு வால்வை மாற்றினான், லைற் போனது, இவர் சந்தோசத்தில் சந்தனம் பூசினார், லைற் வந்தது. புது மூடி போட்டுப் பார்க்கச் சொல்லி ஒன்றைக் கையில் கொடுத்தான். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் நல்ல நேரம் பார்த்து, இன்னும் கொஞ்சம் சந்தனத்தோடு இவரே பூட்டினார். லைற் முன்னையை விடக் கெதியாக வந்தது. நேர்த்தி குறைவாக்கும் என்று அடுத்தமுறை இரண்டு சுற்றுப் பூசினார்.

இதற்கிடையில் லைற்றைப் பார்க்கச் சகிக்காமல் அதற்கு மேலே ஒரு பிள்ளையார் ஸ்ரிக்கரை ஒட்டினார். மஞ்சள் வெளிச்சம் பிள்ளையாரின் வண்டி வயிற்றுக்குள்ளால் பளபளவென்று வரத் தொடங்கியது. பின்சீற்றில் இருந்த அக்கா ஒருத்தி அதைக் கண்டு, "ஐயோ அப்பனே, வயிறு ஒளிருது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த நாள் அவள் ஒரு மாலையோடு வந்து ஏறினாள். கற்பூரத்தாருக்கே வெட்கமாகி ஸ்ரிக்கரை உரித்துவிட்டார்.

பவானி வருவதற்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. மனிதர் சாப்பாடும் குறைத்து, தாடியும் விட்டு, வான் ஓட்டும்போது றோட்டைப் பார்ப்பதை விட அந்த லைற்றைத்தான் பார்த்தார். சிவப்பு சிக்னலில் நின்றால் அதைப் பார்ப்பார், பச்சை விழுந்தாலும் அதைப் பார்ப்பார், பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடித்து எங்கள் எல்லாருடைய தாயையும் விசாரிப்பான். எனக்கே மனம் பொறுக்கவில்லை. தூரியிடம் போய், ஏதாவது செய், இல்லாவிட்டால் இந்த மனிதன் ஆஸ்பத்திரியில்தான் மனுசியைச் சந்திப்பார் என்றேன்.

தூரி கூட்டாளி ஒருவனிடம் புகை மெஷின் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். தாங்கிக் குழாய்களுக்குள் வெள்ளைப் புகையை ஊதிவிட்டால் ஓட்டை இருக்கும் இடத்தால் புகை வெளியே வருமாம். புகையைக் கண்டதும் கற்பூரத்தார் சப்பாத்தைக் கழற்றிவிட்டார்.

"பாத்தியே தங்கச்சி? எவ்வளவு துள்ளினவன். கடைசியிலை சாம்பிராணிக்குத்தான் வந்திருக்கிறான்."

கைகூப்பிக்கொண்டு நின்றவரின் மூக்குக்கு முன்னால், பெற்றோல் மூடியைச் சுற்றிப் புகை மெல்லச் சுருண்டு வந்தது. தூரி மூடியைக் கழற்றினான். உள்ளே எட்டிப் பார்த்தான். தூரி பேசாமல் நின்றதை அன்றைக்குத்தான் கண்டேன். பிறகு திருப்புளியால் சுரண்டினான். மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்த பொருக்குகள் பொலபொலவென்று விழுந்தன.

"இது என்ன? யார் இதற்குள் சுவர் கட்டினது?"

மூடி இறுகி உட்காரவேண்டிய விளிம்பில் இந்தப் பொருக்கு நின்றதால் ஒருநாளும் அது சரியாக மூடவில்லை. பழைய மூடியும் இல்லை, புது மூடியும் இல்லை. நாங்கள் கடவுளுக்குப் பூசுவது என்று நான் விளங்கப்படுத்தினேன். தூரியின் கராஜிலும் ஒரு புனிதரின் படத்துக்குச் சின்ன பல்ப் எரியும். அந்தப் படத்தைப் பார்த்தான், பொருக்கைப் பார்த்தான், இவரைப் பார்த்தான்.

"அவரிடம் சொல்லுங்கள். முன்பக்கம் எல்லாம் கடவுள் பார்க்கட்டும். பின்பக்கத்தை எனக்கு விடச்சொல்லுங்கள்."

நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினால், கற்பூரத்தார் ஒரு பழைய ரயரில் குந்தி இருந்துவிட்டார்.

"நானேதானோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை. நீங்களேதான்."

"அவளுக்காண்டித்தானே பூசினனான்."

என் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பாவம் மனிதன்.

தூரி விளிம்பைத் துடைத்து, மூடியை இறுக்கி, லைற்றை அழித்துவிட்டான். அது வரவில்லை. பவானி வரும் நாள் காலையிலும் வரவில்லை. பெட்டி தூக்க என்னையும் விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும் வழி முழுக்கத் தான் பவானிக்குச் சொல்லப்போகும் முதல் வசனத்தை என்னிடம் சொல்லிச் சொல்லிப் பழகினார். நல்ல நீட்டு வசனம், ஊர் மேடையில் பேசலாம்.

கதவு திறந்து பவானி வந்தாள். படத்தில் பார்த்ததை விட மெலிவு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் வந்த சனம் வண்டில்களோடு இடித்துக்கொண்டு போனது.

"பெட்டி பாரமோ?" என்று கேட்டார் கற்பூரத்தார்.

"ஓம், பாரம்தான்" என்றாள் அவள்.

அவ்வளவுதான் இருவரும் கதைத்தது. எனக்கு இருவரையும் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது.

பவானியை முன்சீற்றில் ஏற்றினார். நான் பின்னால், இருவருக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு இருந்தேன். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல் என்று வான் நகரத்தை நோக்கி ஓடியது. மனிதர் அவளுக்குக் கடலைக் காட்டினார். பிறகு மலையைக் காட்டினார். காட்டுவதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் திரும்பவும் கடலைக் காட்டினார். அவள் அவர் காட்டிய இடத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

அப்போதுதான் அந்த மஞ்சள் லைற் பளிச்சென்று எரிந்தது.

பழைய வண்டி, வேறு எங்கே ஓட்டையோ தெரியாது. "அண்ணை" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை நாளாக அதையே பார்த்துப் பார்த்துப் பைத்தியமான மனிதர், வீடு வந்து சேரும்வரை ஒருதரமும் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. எரிந்தால் எரியட்டும், இன்றைக்கு இந்த மனிதன் கண்ணில் ஒரு குறையும் படக்கூடாது என்று நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.