ஷாமினியின் முகம் பற்றி அக்காவுக்கு ஒரு முழு விளக்கம்

குனோங் ராபாட், ஈப்போ.

சித்தியவானில் இருக்கும் என் மரியாதைக்குரிய நவமணி அக்காவுக்குத் தம்பி சுகுமாரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், குமுதா, மகள் ஷாமினி மூவரும் நலம். அங்கே நீங்களும் மாமாவும், மாமாவின் முட்டியும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன்.

வாரம் தவறாமல் போன் போட்டு, “பிள்ள மொகம் எப்படி இருக்கு?” என்று கேட்கிறீர்கள். நானும் “நல்லாருக்கு, நல்லாருக்கு” என்று சொல்லி வைத்துவிடுகிறேன். இனி அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. விஷயம் முழுவதும் என் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டது. ஈப்போ மலைச் சாலைகளில் முப்பத்தொரு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டி, ஒரு கீறல் இல்லாமல் ஓய்வு பெற்றவன் நான். மகளின் முகத்தில் வந்த பருவையும் முடியையும் சமாளிப்பது எனக்குப் பெரிய காரியமா? ஆனால் நடந்ததை வாட்ஸ்ஆப்பில் எழுத எனக்கு இப்போது அனுமதி இல்லை. காரணம் கீழே வரும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நீங்கள் அனுப்பிய கஸ்தூரி மஞ்சள், பயத்தம் மாவுப் பொட்டலம். பாராட்டுகிறேன், நல்ல சரக்கு. நீங்கள் வாரம் ஒரு தடவை என்று சொன்னீர்கள். நான் தினமும் என்றால் ஏழு மடங்கு வேகமாகக் குணமாகும் என்று கணக்குப் போட்டு, காலையிலும் மாலையிலும் பூசச் சொன்னேன். போதாததற்கு எலுமிச்சையும் பிழிந்தேன். நான்காம் நாள் ஷாமினி வேலை செய்யும் கண்ணாடிக்கடையில் வந்தவர்கள் எல்லோரும் அவளுக்கு மஞ்சள் காமாலையா என்று விசாரிக்க, முதலாளியம்மா பயந்துபோய் “ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வா” என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தேய்த்த தேய்ப்பில் பரு உடைந்து இன்னும் நாலாகப் பெருகியது. சரி, இயற்கை வைத்தியம் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று பாசார் மாலம் இரவுச் சந்தைக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் பெயர் ஒட்டாத வெள்ளை டப்பா. “பத்தே நாள் அங்கிள், மொகம் கண்ணாடி மாதிரி ஆயிரும்” என்றான் விற்றவன். அவன் சொன்னது பொய்யில்லை அக்கா, பத்து நாள் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. பதினோராம் நாள் கன்னம் இரண்டும் சிவந்து, வெந்நீர் கொட்டியது போலத் தோல் உரிந்தது. குமுதா அந்த டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு, என்னையும் அதே இடத்தில் போட இடம் இருக்கிறதா என்பது போல ஒரு பார்வை பார்த்தாள்.

ஷாமினியின் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். மூக்குக் கண்ணாடிக்கு அளவெடுப்பவள் வருபவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தைக் கொண்டுபோக வேண்டும். ஒருநாள் ஒரு சின்னப் பெண், “ம்மா, இந்த அக்காவுக்கு மீசை இருக்கு” என்று கடை முழுக்கக் கேட்கச் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து மாஸ்க். கோவிட் முடிந்து எத்தனை வருஷம் ஆகிறது, இவள் மட்டும் கழற்றவில்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் விட்டுவிட்டாள், தட்டை அறைக்குள் எடுத்துப் போய்விடுவாள். கண் பரிசோதிக்கும் அறைக்கு அவளைப் பொறுப்பாளராகப் போடுகிறேன் என்று முதலாளியம்மா கேட்டதற்கு, வேண்டாம், பின்னால் கண்ணாடி வில்லை வெட்டும் இடத்திலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாளாம். இதைக் குமுதா என்னிடம் சொன்ன அன்றைக்குத்தான், இனி தாமதிக்கக் கூடாது, அக்காவிடமே அடுத்த யோசனை கேட்போம் என்று போனை எடுத்தேன்.

எடுத்து, “அக்கா, ஷாமினிக்குத் தாடையில் முடி இன்னும் போகவில்லை. பருவும் அப்படியே இருக்கிறது. அடுத்து என்ன செய்யலாம்?” என்று அழகாகத் தட்டி அனுப்பினேன். அது உங்களுக்கு வரவில்லை. என் பழைய ஸ்கூல் பஸ் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போனது. நூற்று இருபத்தாறு பேர். நான் பதறவில்லை. உடனே அழித்தேன். என் போனில் சுத்தமாக அழிந்துவிட்டது, நிம்மதியாக டீ குடித்தேன். மற்ற நூற்று இருபத்தைந்து போன்களில் அது அப்படியே இருந்தது என்பது, பதில்கள் வரத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. ஒருவர் பியூட்டி பார்லர் கார்டு அனுப்பினார். ஒரு அம்மா, ‘சவரம் மட்டும் பண்ண விடாதீங்க அண்ணே, காடா வளரும்’ என்று எழுதினார். ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர் வழக்கம்போல ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொன்னார். கடைசியாக ஒருவர் கேட்டார்: ‘யாரு, கண்ணாடிக்கடை ஷாமினியா?’

அன்று சாயங்காலம் ஷாமினி வேலை முடிந்து வந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. போனை என் முன்னால் நீட்டினாள்.

“என் மொகத்த நானே கண்ணாடில பாக்கறதில்லப்பா. நீங்க ஊருக்கே காட்டிட்டீங்க.”

“தப்பான பட்டனும்மா...”

“பட்டன் தப்பு இல்லப்பா.”

அவ்வளவுதான். பிறகு பதினொரு நாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தொரு வருஷம் நாற்பது பிள்ளைகளின் கூச்சலில் பஸ் ஓட்டியவன் அக்கா நான். ஒரு பிள்ளை பேசாமலிருந்த அந்தப் பதினொரு நாள்தான் எனக்குக் காது வலித்தது.

பன்னிரண்டாம் நாள் முடிவெடுத்தேன். இவளைக் கூப்பிட்டால் வரமாட்டாள். முதலில் நான் போய் விசாரித்து வருவோம் என்று அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண், “உடம்புக்கு என்ன, பாக்சிக்?” என்று மாமா முறை வைத்துக் கேட்டாள். பின்னால் நாலு பேர் தெரிந்தவர்கள். மறுபடியும் மகள் பெயரை ஊரில் விடுவேனா? “எனக்குத்தான். முகத்தில் பரு, முடி” என்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டாள். இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே போனால் ஒரு தமிழ் லேடி டாக்டர், பெயர் ஷெரில், முப்பத்தைந்து வயது இருக்கும். சீட்டைப் படித்தார், என் மீசையைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் படித்தார்.

“அங்கிள், ஆம்பளைக்கு மீச மொளைக்கிறது நோய் இல்லலா.”

எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. கஸ்தூரி மஞ்சளிலிருந்து பெற்றோர் குழு வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டு, எனக்குப் பிரஷரும் பார்த்து, அது ஏறியிருக்கிறது என்று எனக்கும் ஒரு மாத்திரை எழுதிவிட்டு, “வீட்டுக்குப் போயி மகள்கிட்ட மொதல்ல மன்னிப்புக் கேளுங்க. அப்புறம் அவங்க சம்மதிச்சா மூணு பேரும் வாங்க” என்றார். நான் வீட்டுக்கு வந்து, ஷாமினியின் அறைக் கதவுக்கு வெளியே நின்று, கிளினிக்கில் நடந்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை என்றாலும் நன்றாகவே செய்தேன். கதவு திறந்தது. “டாக்டர்கிட்ட மீச வளருதுன்னா சொன்னீங்க?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பதினொரு நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். இப்படியாக நான்தான் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டர் சொன்னதை உங்களுக்குப் புரியும்படி எழுதுகிறேன். இதற்குப் பெயர் பி.சி.ஓ.எஸ். பெண்கள் உடம்பிலும் ஆண் ஹார்மோன் கொஞ்சம் உண்டாம். இவளுக்கு அது கூடுதலாகச் சுரக்கிறது. அதனால்தான் தாடையோரம் பரு, மோவாயில் முடி, மாதக்கணக்கில் தள்ளிப்போகும் மாதவிலக்கு. அழுக்கும் காரணமில்லை, எண்ணெய்ப் பலகாரம் மட்டும் காரணமில்லை, பிள்ளையின் தவறும் இல்லை. போட்டுத் தேய்த்தால் பரு கூடும். சவரம் செய்தால் அடர்த்தியாக வளரும் என்பது சுத்தப் பொய். ஏற்கெனவே முளைத்த முடி மாத்திரையால் கொட்டாது, புதிதாக வருவது மெலிசாக வரும், அதற்கே ஆறு மாதம் ஆகும். லேசர் வேண்டுமானால் நம் நிறத்துக்கு ஏற்ற மெஷின் இருக்கும் இடமாகப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் சுட்டுவிடும். பருவுக்கு ஒரு களிம்பு, பட்டாணியளவு மட்டும், ஏழு மடங்கு கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாத்திரை அட்டையில் இருந்ததை நான் படிக்கும் வரைக்கும்.

“டாக்டர்! இது கர்ப்பத்தடை மாத்திரை! என் மகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகல!”

“மாத்திரைக்கு யாரு கல்யாணம் ஆனவங்க, ஆகாதவங்கன்னு தெரியாது அங்கிள். ஹார்மோன சரி பண்ணும், அவ்ளோதான்.”

நான் இதை உடனே ஏற்றுக்கொண்டேன். வீட்டில் யார் கண்ணிலும் படாமல் அதைப் பிஸ்கட் டின்னில் ஒளித்துவைத்தது வெறும் முன்னெச்சரிக்கை. பக்கத்து வீட்டு முத்தம்மா ஒருநாள் பிஸ்கட் எடுக்கப் போய், அட்டையை எடுத்து “இது என்ன?” என்று கேட்டபோது “வைட்டமின்” என்றேன். “என் மகளுக்கும் ரெண்டு குடு, சோந்து சோந்து போறா” என்றார். ஷாமினி நிதானமாக வந்து அட்டையை வாங்கி, “இது எனக்கு டாக்டர் குடுத்த ஹார்மோன் மாத்திர அத்தே, மத்தவங்க சாப்பிடக் கூடாது” என்று சொல்லிவிட்டுத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அன்று டாக்டர், “அப்பா பக்கத்துல யாருக்காச்சும் இப்படி இருந்திருக்கா?” என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் பெண்கள் எல்லோருக்கும் நிலா முகம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். வெளியே வந்து காரைத் திறக்கும்போதுதான் நினைவு வந்தது. சுங்கை சிப்புட் தோட்டத்தில், லயத்து வீடுகளுக்குப் பின்னால், உங்களுக்குப் பதினேழு வயது. உடைந்த கண்ணாடித் துண்டும் அப்பாவின் பிளேடுமாக நின்றீர்கள். மோவாயில் ஒரு சொட்டு ரத்தம். என்னைப் பார்த்ததும் “கொசு கடிச்சிருச்சுடா” என்றீர்கள். பிளேடு மழுங்கியதற்கு, பென்சில் சீவினேன் என்று அப்பா என்னைத்தான் வெளுத்தார். நான் சொல்லவில்லை, எதற்காக என்று அப்போது எனக்குத் தெரியவும் தெரியாது. திரும்ப உள்ளே போய் டாக்டரிடம் சொன்னேன். கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தையில்லாமல் மாமியார் வீட்டில் நீங்கள் கேட்ட பேச்சையும், நாற்பது வயதிலேயே இனிப்பு நீர் வியாதி வந்ததையும் சொன்னேன். “ஆளப் பாக்காம சொல்ல முடியாது அங்கிள். ஆனா இருந்திருக்கலாம். அப்ப யாரும் அவங்களுக்கு இது அவங்க தப்பில்லன்னு சொல்லியிருக்க மாட்டாங்க” என்றார். அதனால் நான் சொல்கிறேன் அக்கா. உங்கள் தப்பில்லை. நீங்கள் அந்த மஞ்சள் பொட்டலத்தை ஏன் அவ்வளவு அவசரமாக அனுப்பினீர்கள் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

போன வாரம் என் மூக்குக் கண்ணாடி மாற்ற ஷாமினியின் கடைக்குப் போனேன். மாத்திரை தொடங்கி ஏழாவது மாதம் ஓடுகிறது. கண் பரிசோதிக்கும் அறையில் அவள்தான் இருந்தாள், மாஸ்க் இல்லை. “ஆடாதீங்கப்பா” என்று என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்தாள். தாடையில் இரண்டு பரு இருந்தது, பழைய தழும்பு இருந்தது, மோவாயில் நாலைந்து முடியும் இருந்தது. எல்லாம் போய்விடவில்லை. ஆனால் அவள் அதை மறைக்கவும் இல்லை, அவசரப்படவும் இல்லை. “எந்த வரி வரைக்கும் தெரியுது?” என்று கேட்டாள். எனக்கு ஒரு வரியும் தெரியவில்லை. கண்ணில் தூசு.

எனவே நீங்கள் இனி கவலைப்பட வேண்டாம். மாமாவிடம் சொல்லி ஒருநாள் ஈப்போவுக்கு வாருங்கள். டாக்டரிடம் உங்களையும் நானே அழைத்துப் போகிறேன், எனக்கு இதில் நல்ல அனுபவம் இருக்கிறது. மாமாவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லோரும் நோய்நொடி இல்லாமல், அப்படி வந்தாலும் சரியான கவுன்டரில் சரியான பெயரைச் சொல்லி வாழ வேண்டும்.

என்றும் உங்கள் அன்புத் தம்பி,
சுகுமாரன்

பி.கு.: தபாலில் போடச் சொல்லி ஷாமினியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தாள். வெள்ளை டப்பாவால் தோல் உரிந்த அன்றே அவள் தானாக அந்தக் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். நான் மீசையோடு போய் உட்கார்ந்தபோது அவள் ஏற்கெனவே இரண்டு மாதமாக ஷெரில் டாக்டரின் நோயாளி. அந்த இரண்டு மாத மாத்திரையும் கண்ணாடிக்கடை மேசை டிராயரில் இருந்ததாம். “உங்க ரெண்டு பேருக்கும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல, நீங்களே சொல்லிருங்கன்னு நாந்தான் டாக்டர்கிட்ட கேட்டேன்” என்கிறாள். அன்றைய விளக்கம் முழுக்க எனக்கும் குமுதாவுக்கும் நடந்த பாடம். அவள் சும்மா துணைக்கு வந்தாள். ஆக, இது ஏழாவது மாதம் இல்லை, ஒன்பதாவது. பேசாமல் இருந்த பதினொரு நாள் மட்டும் நிஜம்தானாம். மறுபடி எழுதலாம் என்று பார்த்தேன். ஆறு பக்கம் அக்கா, கை வலிக்கிறது. ஆகவே மேலே ‘நான் அவளை அழைத்துப் போனேன்’ என்று வரும் இடத்தில் எல்லாம் ‘அவள் என்னை அழைத்துப் போனாள்’ என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும்.